வாசற்படியில் தொடங்கும் வேலை: சமூகநலச் செவிலியத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலையில் சேர்ந்த புதிதில் வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்த்துவந்த பாட்டி ஒருவர் இருந்தார். ரத்த அழுத்தம் எப்போது பார்த்தாலும் ஏறியே இருக்கும். மாத்திரையைத் தினமும் போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "சரி சிஸ்டர்" என்பார், தலையையும் ஆட்டுவார். அடுத்த வாரம் போனால் அட்டையில் இரண்டோ மூன்றோதான் குறைந்திருக்கும். நான்கு மாதம் பொறுத்துவிட்டு, குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

பிறகு ஒருநாள் அவரே பேச்சுவாக்கில் சொன்னார்: "தலை கனமா இருக்கிற அன்னைக்குத் தவறாம போட்டுடறேனே." அவர் கணக்கில் அது தலைபாரத்துக்கான மாத்திரை. பாரம் இல்லாத நாளில் எதற்கு மருந்தை வீணாக்குவது? அவருடைய புரிதலின்படி அவர் மிகச் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். தன் நோயைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரோ வீடு தேடி வந்தவளை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார். நம் நேரம், நம் கட்டில், நாம் கொடுக்கும் உடுப்பு. சமூகநலப் பணியில் நாம் அவர் வீட்டுக்குப் போகிறோம். அங்கே எங்கே உட்காருவது என்பதைக்கூட அவர்தான் முடிவுசெய்வார். இந்த ஒரு மாற்றத்துக்குப் பழகுவதில்தான் முதல் ஆண்டு முழுவதும் போகும்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம்

எதிரில் இருப்பவரின் வழக்கத்தையும் நம்பிக்கையையும் புரிந்துகொண்டு கவனிப்பதைப் பாடத்தில் 'பண்பாட்டுத் திறன்' என்று படித்திருப்பீர்கள். செவிலியரும் மானிடவியலாளருமான மேடலின் லைனிங்கர் 1950களில் குழந்தைகள் மனநல மையம் ஒன்றில் வேலை பார்த்தபோது, வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே மாதிரியான கவனிப்புக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுவதைக் கண்டார். பண்பாடு கடந்த செவிலியம் என்ற துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1998இல் மெலனி டெர்வலான், ஜேன் மர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 'திறன்' என்பதைவிடப் 'பணிவு' என்ற சொல்லே பொருத்தம் என்று எழுதினார்கள். திறன் என்றால் ஒருநாள் கற்று முடித்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதல்லவா? நியூசிலாந்தின் மாவோரி பூர்வகுடியைச் சேர்ந்த செவிலியரான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். கொடுத்த கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர்தான் என்றார். அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் 1992இல் இதைச் செவிலியர் கல்வியின் ஒரு பகுதியாகவே ஆக்கியது.

எனக்கு ராம்ஸ்டன் சொன்னதுதான் பிடிக்கும். ஆனால் வேலை விவரப் பட்டியல்களில் 'திறன்' என்றே இருக்கும். சண்டை போட வேண்டாம்.

முதல் படி: உங்கள் பையைப் பிரித்துப் பாருங்கள்

பி.பி. கருவியும் பஞ்சும் இருக்கும் பையைச் சொல்லவில்லை. நாம் ஒவ்வொருவரும் சுமந்துபோகும் இன்னொரு பை இருக்கிறது. ஒரு தாளை எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் வளர்ந்த வீட்டில் காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் சொல்வார்கள்? குளிக்க விடுவார்களா? எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போவார்கள்? வலித்தால் கத்தலாமா, பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டுமா? மரணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசலாமா? மனநோயை என்ன பெயரிட்டுச் சொல்வார்கள்? எழுதி முடித்தால், 'இதெல்லாம் பொதுவானதுதானே' என்று நீங்கள் நினைத்திருந்த பலவும் உங்கள் வீட்டு வழக்கம் என்று தெரியவரும்.

அப்புறம், நம் தொழிலுக்கும் ஒரு பண்பாடு உண்டு. கடிகாரப்படி வர வேண்டும், தனி மனிதரே முடிவெடுக்க வேண்டும், கெட்ட செய்தியை நேராகச் சொல்ல வேண்டும், எண்ணாக எழுத முடிந்ததே உண்மை என்பவை எல்லாம் அதன் சடங்குகள். அவற்றில் பலவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அவை அந்நியமானவை என்பதை மறக்க வேண்டாம்.

"எனக்கு எல்லாரும் ஒன்றுதான், வேற்றுமையே பார்ப்பதில்லை" என்று சொல்லும் நல்லவர்கள் நம் தொழிலில் நிறைய உண்டு. நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்கச் சமூகப்பணியாளர் டெர்ரி கிராஸும் அவருடன் சேர்ந்தவர்களும் பண்பாட்டுத் திறனுக்கு 1989இல் வகுத்த ஆறு நிலைகளில், பண்பாட்டை அழிப்பதில் தொடங்கி மேலே வரும் வரிசையில், இந்த மனநிலைக்கு மூன்றாம் இடம்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பண்பாட்டுக் குருடு'. எல்லாரும் ஒன்று என்றால் யாரைப் போல ஒன்று என்ற கேள்வி வரும். பெரும்பாலும் பதில், சொல்பவரைப் போல.

இரண்டாம் படி: வீட்டுக்கு முன் தெரு

முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் அந்தப் பகுதியில் நடங்கள். யார் எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள், எங்கே கூடுகிறார்கள், எந்தெந்த மொழி காதில் விழுகிறது, உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களுடைய விரத நாட்கள், விழா நாட்கள், சம்பள நாள் எல்லாவற்றையும் கேட்டு உங்கள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தடுப்பூசி முகாமை விழா நாளில் வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று மக்களைக் குறை சொன்ன முகாம்கள் உண்டு.

மக்களுக்கு உங்கள் சீருடையின் மேல் பழைய கோபம் ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். காரணமில்லாமல் அவநம்பிக்கை வராது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி ஆய்வு என்ற பெயரில் 1932 முதல் 1972 வரை நடந்ததை ஒவ்வொரு சமூகநலச் செவிலியரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேகநோய் (சிபிலிஸ்) இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, அரசு பொதுச் சுகாதாரத் துறையே, உரிய சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1940களில் பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் தரவில்லை. அந்த ஆண்களை ஆய்வோடு பிணைத்து வைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினத்தவர், அவர்களின் பேச்சும் பழக்கமும் அறிந்தவர், தன் காரில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். அவரை அவர்கள் முழுதாக நம்பினார்கள்.

பண்பாட்டைத் தெரிந்துகொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் இந்தக் கதை என்னை உறுத்துகிறது. மக்களை நம் வழிக்குக் கொண்டுவரும் தந்திரமாக மட்டும் இந்தத் திறனைக் கற்றால், எந்த வழிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்விடலாம். ஒரு வீட்டில் "உங்களை எப்படி நம்பறது?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களை அனுப்பியவர்கள் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள், எடுக்கும் விவரங்கள் யாரிடம் போகும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வாசலில் நில்லுங்கள்

செருப்பை எங்கே விடுவது, யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, எந்த இருக்கை யாருடையது என்பதற்கெல்லாம் பட்டியல் கேட்காதீர்கள். தெரியாவிட்டால் "உங்க வீட்டுல எப்படிங்க வழக்கம்?" என்று கேட்டால் போதும். கேட்டதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. என்ன முறை சொல்லி, எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். பல இடங்களில் அது மரியாதை. பதில் வரத் தாமதமானால் அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

முடிவெடுப்பவர் யார் என்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். பல குடும்பங்களில் நோயாளி தனியாக முடிவெடுக்க விரும்பமாட்டார். பெரியவரையோ துணைவரையோ கேட்டுத்தான் சொல்வார். அதை மதிக்க வேண்டும். ஆனால் குடும்பமே பேசிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் வாய் அடைக்கப்பட்டிருக்கவும் கூடும். வீட்டில் அடி உதை இருந்தால் அதைச் செய்பவர் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் எந்த வீடாக இருந்தாலும், எடை பார்க்கவோ புண்ணுக்குக் கட்டு மாற்றவோ ஐந்து நிமிடம் நோயாளியைத் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் செய்தால் யாருக்கும் சந்தேகம் வராது. "இதை உங்க கணவரையும் வச்சுப் பேசலாமா, நாம ரெண்டு பேரும் மட்டும் பேசலாமா?" என்று நோயாளியிடமே கேட்பதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நான்காம் படி: கேளுங்கள்

மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன் 1978இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், நோயாளி தன் நோயை எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று அறியச் சில கேள்விகளைத் தந்தார். நான் அவற்றை என் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறேன்:

"இந்தத் தொந்தரவுக்கு நீங்க என்ன பேரு சொல்வீங்க?" "எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" "ஏன் அப்போ பார்த்து ஆரம்பிச்சுது?" "உடம்புக்குள்ள அது என்ன பண்ணுது?" "இதுல உங்களுக்கு ரொம்பப் பயம் எது?" "என்ன வைத்தியம் பண்ணினா நல்லதுன்னு தோணுது?" "இதனால உங்க வீட்டுல, வேலையில என்ன கெட்டுப்போச்சு?"

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒரு வருகைக்கு இரண்டு கேள்வி போதும். சிலர், "நீங்கதானே நர்ஸு, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்பார்கள். அப்போது நான் சொல்வது: "நோயைப் பத்திப் படிச்சிருக்கேன். உங்களுக்கு அது எப்படி இருக்குன்னு புத்தகத்துல போடலையே." பெரும்பாலும் சிரித்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

பயம் பற்றிய கேள்வியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உண்மையான தடை அதற்குப் பின்னால்தான் இருக்கும். இன்சுலின் வேண்டாம் என்று ஒரு வருடம் மறுத்துவந்த ஒருவரிடம் இதைக் கேட்டபோது, அவர் அப்பாவுக்கு ஊசி தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு காலை வெட்டி எடுத்தார்கள் என்று சொன்னார். ஊசியால்தான் கால் போனது என்று அந்த வீடே நம்பிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த சர்க்கரை நோய்த் துண்டறிக்கையில் அதற்கு விடை இல்லை.

வேறு வைத்தியம் ஏதும் பார்க்கிறார்களா என்பதைக் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். "கைவைத்தியம் ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டால் 'இல்லை' என்றே வரும். "நிறையப் பேர் மாத்திரையோட வேற மருந்தும் சேர்த்து எடுத்துக்குவாங்க, நீங்க எதை எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டால் அலமாரியே திறக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குப் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரையின் வேகத்தையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தையும் குறைத்துவிடும். மூலிகை என்பதாலேயே ஒன்றும் செய்யாது என்று நாமும் நினைக்கக்கூடாது, அவர்களும் நினைக்கக்கூடாது.

நம் மருந்துகளைப் பற்றி அவர்கள் கேட்பதற்கும் தயாராக இருங்கள். பல கேப்ஸ்யூல்களின் ஓடு மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டினால் ஆனது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் ஊசிமருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. சில சிரப்புகளில் ஆல்கஹால் உண்டு. இதெல்லாம் சிலருக்கு ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். சொல்லாமல் கொடுத்து, பிறகு அவர்களுக்குத் தெரியவந்தால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது. மாற்று உண்டா என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பல மருந்துகளுக்கு உண்டு.

ஐந்தாம் படி: மொழி தெரியாத வீட்டில்

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போங்கள், கிடைக்காவிட்டால் தொலைபேசியிலாவது பிடியுங்கள். வீட்டுப் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். பத்து வயதுக் குழந்தை தன் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி மொழிபெயர்க்கக்கூடாது. செய்தாலும் பாதியை விழுங்கிவிடும். 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மயங்கிக் கிடந்த 18 வயது இளைஞன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் ஸ்பானிய மொழியில் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று கேட்டது. போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று சிகிச்சை தொடங்கினார்கள். உண்மையில் அவனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவருவதற்குள் கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. அரைகுறையாகத் தெரிந்த மொழி, சுத்தமாகத் தெரியாத மொழியைவிட ஆபத்தானது. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று எழுதும் அதே எழுத்துக்கள் (once) ஸ்பானியத்தில் 'பதினொன்று'. மருந்துச் சீட்டில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் நோயாளியைப் பார்த்தே பேசுங்கள். "அவங்ககிட்ட கேளுங்க" என்று நடுவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டாம். ஒரு வாக்கியம், நிறுத்தம், அடுத்த வாக்கியம். இறுதியில், "புரிஞ்சுதா?" என்ற கேள்வியைத் தொழிலிலிருந்தே ஒழித்துவிடுங்கள். எந்த மொழியிலும் அதற்குப் பதில் 'புரிஞ்சுது'தான். அதற்குப் பதிலாக, "நான் ஒழுங்கா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்காரர் வந்து கேட்டா இந்த மருந்தைப் பத்தி என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். பரீட்சை உங்களுக்கு, அவருக்கல்ல என்று அவர் உணர வேண்டும்.

ஆறாம் படி: தோலைப் பார்க்கும் கண்

நம் பாடப் படங்களில் வெளிர்ந்த தோலே அதிகம். கருந்தோலில் நீலம் பாரித்ததை நகத்தில் தேடினால் ஏமாறுவீர்கள்; வாயின் உள்பக்கத்தையும் நாக்கையும் கீழ் இமையையும் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு விழிவெண்மை, மேலண்ணம். சிவப்பு தெரியாத இடத்தில் புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருந்தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி தவறவிட்ட ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. எண் நன்றாக இருக்கிறது, ஆளுக்கு மூச்சு இரைக்கிறது என்றால் ஆளை நம்புங்கள்.

கைக்குழந்தையின் முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டு பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். அடித்த காயம் என்று புகார் எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. கோப்பை வைத்து உறிஞ்சும் வைத்தியத்தின் வட்டத் தழும்பும் அப்படித்தான். பார்த்த அன்றே அளவும் நிறமும் இடமும் குறித்து, எப்படி வந்தது என்று கேட்டும் எழுதிவையுங்கள்.

ஏழாம் படி: விடு, வளை, மாற்று

லைனிங்கர் மூன்று வழிகள் சொன்னார். அவர்கள் செய்வதை அப்படியே காப்பது, இரு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சரிசெய்வது, கெடுதல் என்றால் வேறாக மாற்றியமைக்க உதவுவது. எதையும் பார்த்ததும் 'இது எந்தக் கூடை?' என்று கேட்டுப் பழகுங்கள். கையில் மந்திரித்துக் கட்டிய கயிறு முதல் கூடை. புண்ணுக்கு இடைஞ்சல் இல்லை என்றால் தொடாதீர்கள். புதியவர்கள் இந்தக் கூடையில் கிடக்கும் விஷயங்களில்தான் மூக்கை நுழைத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கரை நோயாளி நோன்பிருக்க விரும்பினால் இரண்டாம் கூடை. 'கூடாது' என்று சொன்னால் உங்களிடம் சொல்லாமல் இருப்பார், அவ்வளவுதான். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் அனுப்பி மருந்து நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டும். சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால் நோன்பை முறிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். சிலருக்கு நோன்பே ஆபத்து என்று டாக்டர் சொல்லவும்கூடும். அப்போது அவர்களின் மதப் பெரியவர் ஒருவரின் வார்த்தை, நம் பத்து வார்த்தைக்குச் சமம்.

மூன்றாம் கூடைக்குத் தொப்புள்கொடி நல்ல உதாரணம். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் முதலியவற்றைத் தடவும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருக்கிறது. அதனால் கிருமித் தொற்றும், வில்வாதமும் (டெட்டனஸ்) வரலாம். பொதுவாகத் தொப்புளில் ஒன்றும் போடாமல் சுத்தமாக, உலர்வாக விடுவதே சரி. ஆனால் அப்படிப்பட்ட பொருட்களைத் தடவும் வழக்கம் வேரூன்றிய இடங்களில், முதல் வாரம் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதில் உள்ள நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழந்தைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் கையை அது கட்டிப்போடவில்லை. கையில் இருக்கும் பொருளைத்தான் மாற்றியது.

எட்டாம் படி: எழுதுவது

'ஒத்துழைப்பு இல்லை', 'அறியாமை', 'கடினமான குடும்பம்' என்ற சொற்களை எழுதாதீர்கள். அடுத்துப் போகும் செவிலியர் அந்தச் சொல்லைக் கண்ணாடியாக மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்: 'தலை கனக்கும் நாளில் மட்டும் மாத்திரை எடுக்கிறார், தலைபாரத்துக்கான மருந்து என்று நினைக்கிறார்.' இந்த ஒரு வரி இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்துவிடும். 'இந்தச் சமூகத்தார் இப்படித்தான்' என்றும் எழுத வேண்டாம். அதே தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் நேர்மாறாக இருப்பார்.

தவறு செய்தால்

செய்வீர்கள். ஒரு வீட்டில் குழந்தை பெற்ற இளம்பெண்ணுக்குப் பால் கொடுப்பதைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். மூலையில் உட்கார்ந்திருந்த மாமியாரை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது சொன்னதில் ஒன்றும் நடந்திருக்கவில்லை, வரவேற்பும் இல்லை. என் தவறு எனக்கே புரியவில்லை. கூட வந்த ஆயாதான் திரும்பி வரும் வழியில் சொன்னார். சுற்றிவளைக்காமல் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் அடுக்காதீர்கள், அதிகமாகக் குழையவும் வேண்டாம். மூன்றாம் முறை போய் அந்த அம்மாவிடம், "அன்னைக்கு உங்களை விட்டுட்டுப் பேசிட்டேன், தப்புதான். எத்தனை பிள்ளை வளர்த்தீங்க?" என்று கேட்டேன். ஆறு என்றார். ஆறு பேரின் கதையையும் கேட்டுவிட்டுத்தான் குழந்தையின் எடையைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவரே வந்து கதவைத் திறந்தார். "வா, இன்னைக்கு யாருகிட்ட முதல்ல பேசப் போறே?"